உள்பக்கம் வரைந்த தோட்டம்

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இத்துடன் இருக்கும் பத்திரத்தில் மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அங்கே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அந்த நிலத்தில் பாதி என் பெயரில் இருக்கிறது. என் பெண்ணின் பாதி இப்போது உங்களுடையது. இரண்டு பேரும் போட்டால்தான் விற்க முடியுமாம். கிடங்கு கட்டுகிறவர் ஒருவர் கேட்கிறார். மொத்த இடத்துக்கும் சிமெண்ட் போட்டு மூடிவிடுவாராம். எனக்கு அது போதும்.

என் பெண், என் குட்டி, விழுந்த மண் அது. நவம்பரிலிருந்து அது அப்படியே திறந்து கிடக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் துணியைத் திருத்தித் தைப்பவள் நான். வேலை தேங்கினால் கடைக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்?

போனில் பேசலாமே என்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால், பின்னாலேயே அவள் குரலும் வரும் என்று என் காது காத்திருக்கிறது. அதனால் கடிதம். ஆஸ்பத்திரி வாசலில் சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டேன். நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கேயே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது உங்கள் இஷ்டம். அந்த மண்ணைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு வரியும் எழுத வேண்டாம்.

அத்தை


பிப்ரவரி 12

அத்தைக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. தபால்காரர் இங்கே வருவதில்லை. பக்கத்து வாத்துப் பண்ணையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். வாத்துக்காரரை உங்களுக்குத் தெரியும். அன்று அவளைத் தன் வேனில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான்.

நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. "நீங்க சொன்னபடி வியாழக்கிழமை வந்திருந்தா என் பொண்ணு இருந்திருப்பா." சரியாக இதே வார்த்தைகள். வியாழன் ஆலையிலிருந்து இங்கே அவளிடம் வருவதாகத்தான் சொல்லியிருந்தேன். நான் சரிபார்க்கிற இரண்டு பிரஷர் மீட்டர் தவறாகக் காட்டின. முடித்துவிட்டுச் சனிக்கிழமை வருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். அவள் வெள்ளிக்கிழமை காலை விழுந்தாள். கணக்கில் பிழை இல்லை. தினமும் ஒரு முறை சரிபார்க்கிறேன்.

பத்திரம் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்துப் போடுவேன். ஆனால் வருகிற மழை முடியும்வரை எனக்கு நேரம் வேண்டும். அலமாரியில் விதை டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பிரவுன் பேப்பர் சுருள் கிடைத்தது. இந்த இடத்துக்கு அவள் போட்ட படம். வாய்க்கால், பாத்திகள், பழமரங்கள், எல்லாவற்றுக்கும் இடம் குறித்திருக்கிறாள். ஐந்தில் ஒரு பங்குதான் செய்து முடித்திருந்தாள். மீதியை அதில் இருக்கிறபடியே முடித்துவிட்டுத் தருகிறேன். அரைகுறையாக ஒரு வேலையை ஒப்படைத்து எனக்குப் பழக்கமில்லை.

இன்னொன்றும் உண்டு. இடம் கைமாறிவிட்டால் உங்களுக்கும் எனக்கும் எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் என்று எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

மண்ணைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள். இங்கே வேறு எதுவும் இல்லையே, என்ன எழுதுவது என்று விழிக்கிறேன். கூரையில் ஒரு சோலார் தகடு, அதற்கு ஒரு பல்பு. தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு. குளித்த தண்ணீர் ஒரு குழாய் வழியாக எலுமிச்சைக்குப் போகிறது. இங்கே வந்த பிறகு வெளியே எறிய வேண்டிய குப்பை என்று சேர்ந்தது ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்கும். இலை, வைக்கோல், காய்த்தோல், வாத்து எச்சம் எல்லாம் மக்குகிற குவியலுக்குப் போகின்றன. அந்தக் குவியலுக்குள் தெர்மாமீட்டர் செருகி காலையும் மாலையும் குறிக்கிறேன். நேற்று 58 டிகிரி. கழிவறை என்பது ஒரு வாளி, ஒரு பலகை, ஒரு மூட்டை மரத்தூள். வாசனை இல்லை. கதவும் இல்லை, ஆனால் பார்க்க ஆளும் இல்லை. புல் முளைத்த இடத்தைக் கொத்துவதில்லை. பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அதன்மேல் விரித்து, வைக்கோலால் மூடாக்குப் போட்டுவிட்டால் புல் உள்ளேயே மக்கிவிடுகிறது. இதெல்லாம் அவள் ஓரத்தில் எழுதி வைத்த குறிப்புகள். படித்துப் படித்துச் செய்கிறேன். என்ன தோன்றுகிறது என்று கேட்டால் ஒன்றும் தோன்றவில்லை. முட்டி வலிக்கிறது. அது மட்டும் நிச்சயம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 24

மாப்பிள்ளைக்கு,

ஒரு வரியும் வேண்டாம் என்றதற்கு நான்கு பக்கம் அனுப்பியிருக்கிறீர்கள். படிக்காமல் கிழித்துவிட வேண்டும் என்றுதான் பிரித்தேன். கடையில், மத்தியானச் சாப்பாட்டு நேரம். அந்த வாளி, மரத்தூள் சமாச்சாரம் வந்ததும் டப்பாவை மூடிவிட்டேன். பசியோடுதான் மீதியைப் படித்தேன்.

நல்ல வேலையில் இருந்த மனிதர், வாளிக்குக் கதவு இல்லை என்று மாமியாருக்குக் கடிதம் எழுதுகிறார். யாரிடம் போய்ச் சொல்ல?

குவியலுக்குக் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறீர்கள். சரி. உங்களுக்கு யார் வைத்துப் பார்க்கிறார்கள்? என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

நேரம் கேட்டீர்கள். ஆகஸ்ட் கடைசிவரை தருகிறேன். கிடங்குக்காரரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது.

நான் ஜன்னலோரம் வைத்த மூன்று தொட்டிச் செடிகளையும் கொன்றவள். குட்டிக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை.

நாள் முழுக்க முட்டி போட்டு வேலை என்றால் பேண்ட் என்ன கதியில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அனுப்பி வையுங்கள். பரிதாபப்பட்டுச் சொல்லவில்லை. கிழிசலோடு ஒரு ஆள் நடமாடுகிறார் என்று தெரிந்தால் எனக்குக் கை அரிக்கும். தொழில் அப்படி.

அத்தை


ஏப்ரல் 16

அத்தைக்கு வணக்கம்.

மூன்று பேண்ட் தனியாக அனுப்பியிருக்கிறேன். துவைத்துத்தான் அனுப்பினேன். அந்தக் கறை போகாது.

வாய்க்கால் முடிந்துவிட்டது. நீளம் 31 மீட்டர், ஆழம் 40 செ.மீ. பத்தொன்பது நாள். இது தண்ணீரை எங்கேயும் கொண்டுபோகிற வாய்க்கால் இல்லை. ஓடி வருகிற மழைத் தண்ணீரைக் குறுக்கே நிறுத்தி, மெதுவாக மண்ணுக்குள் இறங்கவைக்கிற வாய்க்கால். அதனால் அடித்தளம் ஒரு விரல்கூடச் சாயக்கூடாது. மட்டம் பார்ப்பது எனக்குத் தெரிந்த வேலை. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, முழத்துக்கு முழம் பார்த்து வெட்டினேன்.

வாத்துக்காரர் தினமும் வேலியோரம் வந்து நிற்பார். பத்தாம் நாள்தான் வாயைத் திறந்தார். வாய்க்கால் எங்கே போகிறது என்று கேட்டார். எங்கேயும் போகாது, தண்ணீர் அதிலேயே நிற்கும் என்று விளக்கினேன்.

"அது சரிங்க," என்றார். "நிக்கிற வாய்க்கால் எதுக்கு என் கொட்டகையவே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு?"

நிரம்பினால் வழிவதற்கு ஒரு வாய் விட வேண்டும், அது படத்தில் அங்கேதான் இருக்கிறது என்றேன். படத்தில் இருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

படத்தில் ஒரு பிழை கண்டேன். நம் இடம் கிழக்கே உயரம், மேற்கே தாழ்வு. அவள் போட்ட சரிவு அம்புக்குறி அப்படியே எதிர்ப்பக்கம் காட்டுகிறது. மூன்று முறை அளந்து பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். அவசரத்தில் போட்டிருப்பாள். மற்றபடி எல்லாம் பொருந்துகிறது. கேட் தெற்கே நடுவில், கிணறு இடத்துக்கு நடுவில், வீடு வடக்கே நடுவில். பேப்பரைப் பூச்சி அரித்திருக்கிறது. கோடு நெடுகச் சின்னச் சின்ன ஓட்டை, சரியாக இரண்டு செ.மீ. இடைவெளியில். இவ்வளவு ஒழுங்கான பூச்சியை நான் பார்த்ததில்லை.

என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டீர்கள். கீரை. நேற்றும் கீரை. அவள் விட்டுவைத்த விதை எல்லாம் கீரையாக முளைக்கிறது. அது நல்லதுதான் என்கிறார் வாத்துக்காரர். முட்டை தருகிறார். கீரைக்கு மாற்று.

உங்கள் மாப்பிள்ளை


மே 2

மாப்பிள்ளைக்கு,

பேண்ட்டுகள் வருகின்றன. முட்டிக்கு இரட்டைத் துணி வைத்து உள்ளே பஞ்சும் வைத்திருக்கிறேன். ஒன்றின் பையில் மூன்று அவரை விதையும் ஒரு மண்புழுவும் இருந்தன. விதையைத் திருப்பி வைத்திருக்கிறேன். புழுவைப் பற்றிக் கேட்காதீர்கள். கடையில் ஒரு பெண் நாற்காலிமேல் ஏறிவிட்டாள்.

படம், படம் என்கிறீர்களே. குட்டி அப்படி என்னதான் வரைந்திருக்கிறாள்? ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள். சும்மா பார்க்கத்தான்.

அத்தை


ஜூன் 19

அத்தைக்கு வணக்கம்.

மழை வந்தது. சொல்கிறேன். இத்தனை நாள் எழுதிய கடிதங்களிலேயே இதை எழுதத்தான் பேனா ஓடுகிறது.

பதினேழாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. குடை பிடித்துக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் நின்றேன், கையில் அளவுகோல். பதினைந்து நிமிடத்தில் கால்வாசி. அரை மணியில் முக்கால். மொத்த இடத்தின் தண்ணீரும் பந்தயம் வைத்ததுபோல அங்கேயே ஓடி வருகிறது. மேலே பாத்திகளில் ஒரு சொட்டு நிற்கவில்லை. இரண்டே முக்காலுக்கு நான் அளந்து வெட்டிய வாய் வழியாக, அளந்து வெட்டிய கோணத்தில், நேராக வாத்துக் கொட்டகைக்குள் போனது தண்ணீர்.

நான் ஓடுவதற்குள் வாத்துகள் புறப்பட்டுவிட்டன. கொட்டகையிலிருந்து வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, தண்ணீரை எதிர்த்து நீந்தி என் வாய்க்காலுக்குள் வந்தன. இருபத்து மூன்று. வந்தவை திரும்பிப் போகவில்லை. வாய்க்காலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வந்துகொண்டிருந்தன, மாலை நடை போகிறவர்கள்போல.

வாத்துக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தார். கோபப்படுவார் என்று மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அவர் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு சொன்னார்: "பதினாறு வருஷமா வளக்குறேன். இவனுக்கு இப்படி ஒரு வாய்க்கால் வெட்டித் தரணும்னு தோணலையேன்னு என்னைப் பாத்து யோசிக்குதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அத்தை. குடையை விட்டுவிட்டேன். அது போய் வாய்க்காலில் விழுந்து மிதந்தது, ஒரு வாத்து அதன்மேல் ஏறப் பார்த்தது, அதற்கும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

மற்றபடி வேலை தோல்விதான். மேட்டில் வெட்டினால்தானே கீழே இருக்கும் பாத்திகளுக்கு ஊறும், பள்ளத்தில் வெட்டி என்ன பயன் என்று வாத்துக்காரர் கேட்ட அந்தப் பத்தாம் நாளே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் அவள் போட்ட கோட்டைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. அம்பை மட்டும் சந்தேகப்பட்டேன்.

நகல் வைத்திருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, கோட்டுக்குக் கோடு அப்படியே எடுத்தது. பூச்சி ஓட்டைகளைக்கூட விடாமல் ஆணியால் குத்தியிருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 27

மாப்பிள்ளை,

அது பூச்சி இல்லை. ஊசி.

நகலைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் படித்த படிப்புக்கு இது விளங்காது, சொல்கிறேன். நாங்கள் துணியின் உள்பக்கத்தில்தான் கோடு போடுவோம். வெளிப்பக்கம் சாக்பீஸ் பட்டால் வீணாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றித்தான் வரைவோம். பிறகு கோட்டின் மேலேயே ஊசியால் குத்திவிட்டால், திருப்பிப் போட்டதும் நல்ல பக்கத்தில் புள்ளி தெரியும். எழுத்து நேராகத்தான் எழுதுவோம். எழுத்து நமக்கு, கோடு துணிக்கு.

எட்டு வயதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் என் வெட்டு மேஜைக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பாள். பேப்பர் துண்டும் பென்சிலும் கொடுத்து வாயை அடைப்பேன். பொம்மைச் சட்டைக்குக்கூட உள்பக்கம்தான் வரைவாள். பக்கத்து வீட்டுக்கு வழி வரைந்து கொடுத்தாலும் அப்படித்தான். அந்த வழியில் போய் அவள் சிநேகிதி ஒருத்தி தொலைந்துபோயிருக்கிறாள்.

அசல் பேப்பரை எடுத்து, பென்சில் பக்கம் தரையைப் பார்க்கும்படி திருப்பிப் போடுங்கள். ஓட்டைகளைத் தொட்டுக்கொண்டே போங்கள். வாய்க்கால் மேட்டுக்கு வந்துவிடும். அம்பும் சரியாக இருக்கும். என் பெண்ணின் அம்பைச் சிவப்புப் பேனாவால் திருத்தினீர்களா? பத்தொன்பது நாள் தோண்டியது அதற்கு உங்களுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பைத்தியம் என்னிடமிருந்து வரவில்லை என்று எழுதியிருந்தேன். நகலை ஜன்னலில் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்க நின்றேன். புள்ளிகள் வழியாக வெளிச்சம் வந்தது. அவள் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு இடத்துக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கையையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள்.

வாத்து கதையைக் கடையில் படித்துக் காட்டினேன். நாற்காலிமேல் ஏறிய பெண் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னாள்.

அத்தை


ஆகஸ்ட் 20

அன்புள்ள அத்தைக்கு,

மேட்டு வாய்க்கால் பதினோரு நாளில் முடிந்துவிட்டது. மண்ணும் எனக்குப் பழகிவிட்டது, உங்கள் முட்டிப் பஞ்சும் பெரிய உதவி. ஜூலை மழையில் தண்ணீர் அதில் வந்து நின்றது, கண்ணாடிபோல, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மட்டம். இரண்டு நாளில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உள்ளே இறங்கியது. நான்காம் நாள் கிணற்றில் 70 செ.மீ. ஏறியிருந்தது. அளந்துவிட்டு, சரிதானா என்று இன்னொரு முறை அளந்தேன். சந்தோஷத்தில் மூன்றாவது முறையும்.

பழைய வாய்க்காலைத் தூர்க்கவில்லை. தூர்த்தால் வாத்துக்காரர் வழக்குப் போடுவார். காலை எட்டு மணிக்கு வாத்துகள் தாங்களாகவே வருகின்றன. பாத்திகளில் நத்தைகளைத் தின்றுவிட்டு, நீந்திவிட்டு, ஐந்தரைக்கு வீட்டுக்குப் போகின்றன. ஆலையில்கூட இவ்வளவு சரியாக ஷிப்ட் மாறி நான் பார்த்ததில்லை. நத்தை ஒழிந்ததும் கீரைக்கு நடுவிலிருந்து மற்றதெல்லாம் தலை தூக்கியது. தக்காளி தினம் ஒரு வாளி. மக்காச்சோளத்தைப் பிடித்துக்கொண்டு பீன்ஸ் ஏறுகிறது, காலடியில் பூசணி படர்ந்து தரையை மூடிவிட்டது. ஒரு பூசணிக்கொடி வாளிக் கழிவறைக்குள்ளேயே போய் ஒரு காய் வைத்திருக்கிறது. கதவு போடாததற்கு அது ஒரு பலன். வாத்துக்காரர் வீட்டுக்குக் கொடுத்து, தபால்காரருக்குக் கொடுத்து, பஸ் கண்டக்டருக்கும் கொடுத்துவிட்டேன்.

மழை முடிந்துவிட்டது. பத்திரம் இத்துடன் இருக்கிறது, மூன்று இடங்களிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. மீதிக்குப் பழமரங்கள் வளர வேண்டும், அதற்கு ஏழெட்டு வருடம் ஆகும். அவ்வளவு நேரம் நான் கேட்கவில்லை, நீங்களும் தரவில்லை. பேச்சு என்றால் பேச்சு.

போட மனம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது கையெழுத்து மற்ற இரண்டையும்போல இல்லை, பத்திர அலுவலகத்தில் கேட்டால் நான்தான் போட்டேன் என்று சொல்லுங்கள்.

அவர் சிமெண்ட் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். அது ஒன்றுதான் கேட்பேன்.

உங்கள் மாப்பிள்ளை


செப்டம்பர் 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பத்திரம் வந்தது. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கிடங்குக்காரர் கடைக்கே வந்தார். வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வார்த்தை மாறிவிட்டேன் என்று கொஞ்சம் சத்தம் போட்டார். அவருக்கு ஒரு பேண்ட் இடுப்பு பிடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. மனம் இல்லாமலே சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் நீங்கள். அந்த மனிதர் தினமும் ஒரு முறை வியாழன், வெள்ளி, சனி என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கை உங்கள் கையில் கொடுத்தது நான்.

அது தப்பான கணக்கு. எனக்கு அன்றைக்கே தெரியும்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, தலைக்குள்ள அந்த ரத்தக் குழாய் பிறந்ததுலேர்ந்தே அப்படி இருந்திருக்கு. வெடிச்சதுக்கப்புறம் சில நிமிஷம்தான். எங்க படிக்கட்டுலயே விழுந்திருந்தாலும் எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. யாரும் எதையும் தவறவிடல." தவறவிடவில்லை என்பதை இரண்டு முறை சொன்னார். உங்கள் கணவரிடமும், மருமகனிடமும் சொல்லுங்கள் என்றார். எனக்குக் கணவர் இல்லை, மருமகனிடம் சொல்கிறேன் என்று நானே சொன்னேன்.

அப்புறம் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தீர்கள். காலில் ஆலை பூட்ஸ்கூடக் கழற்றவில்லை. உங்களைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது அது. தெரிந்தேதான் சொன்னேன். யார் மேலாவது போடாமல் என்னால் நிற்க முடியவில்லை. நீங்கள்தான் எதிரே நின்றீர்கள். அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் போனது, மாதம் போனது. நீங்கள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அன்றே மாட்டியிருப்பேன்.

நீங்கள் வியாழக்கிழமை வந்திருந்தாலும் அவள் வெள்ளிக்கிழமை விழுந்திருப்பாள், தம்பி. பக்கத்தில் நீங்கள் இருந்திருப்பீர்கள், அவ்வளவுதான். அது இல்லாமல் போனது வருத்தம். அது குற்றம் இல்லை.

இதைப் படித்த பிறகு உங்களுக்கு எனக்கு எழுதப் பிடிக்காமல் போகலாம். தபால்காரரைத் தினமும் பார்ப்பேன். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அத்தை


செப்டம்பர் 13

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. எட்டு நாள் பதில் எழுதவில்லை. தண்டனை கொடுப்பதற்காக இல்லை. கை ஒழியவில்லை.

வேலியோரம் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிழக்குப் பாத்திக்குப் போனேன். அங்கே உருளைக்கிழங்கு போட்டிருந்தேன், எடுக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தோண்ட ஆரம்பித்தேன். ஒரு பாத்தி முடிந்தது. அடுத்ததில் இறங்கினேன். பத்து மாதமாக நான் எல்லாவற்றையும் அளந்துகொண்டுதான் இருந்தேன், எதுவும் உள்ளே வந்து சேரவில்லை. அன்று வந்தது கோபம். உங்கள் மேல்தான். காது சூடாகி, பல்லைக் கடித்து, உங்களிடம் சண்டை போட்டுக்கொண்டே தோண்டினேன். சத்தமாகத்தான் பேசியிருக்கிறேன், வாத்துகள் வாய்க்காலின் அந்த முனைக்குப் போய்விட்டன.

மூன்றாவது பாத்தியில் வாத்துக்காரர் வந்து நின்றார். நிலத்தின்மேல் இவ்வளவு என்ன கோபம் என்று கேட்டார். நிலத்தின்மேல் இல்லை, மாமியார்மேல் என்றேன். ஏதோ பெரிய பாரம் இறங்கியதுபோல அவர் மூச்சு விட்டார்.

"அப்பாடா," என்றார். "இத்தனை மாசமா உங்களுக்கு ஆளே இல்லையோன்னு நெனைச்சேன்."

அவரும் ஒரு மண்வெட்டி கொண்டுவந்தார். ஏன் கோபம் என்று கேட்கவில்லை. நான் சொன்னேன். எல்லாவற்றையும், வியாழக்கிழமையிலிருந்து. சொல்லும்போது அழுதேன். அன்று காலை அவளை வேனில் தூக்கிப் போட்டவர் அவர். போகிற வழியில் வேனிலேயே போய்விட்டாள் என்பதை அவரும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். இன்னும் சீக்கிரம் ஓட்டியிருக்கலாமோ என்று அவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார். டாக்டர் சொன்னதை உங்கள் கடிதத்தில் இருந்தபடியே அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். பிறகு பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

உங்களை மன்னித்தேன் என்று எழுதிப் பார்த்தேன். அந்த வார்த்தை எனக்குத் தொளதொளவென்று இருந்தது, நீங்கள் பார்த்தால் பிடித்துத் தைத்துவிடுவீர்கள். நேற்றுக் காலை எழுந்தபோது கோபத்தைத் தேடினேன், கொஞ்சம்தான் இருந்தது. கூடவே நல்ல பசியும் இருந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை பஸ்ஸில் ஏறுங்கள். கண்டக்டரிடம் வாத்துப் பண்ணை என்று சொன்னால் போதும், நம் தக்காளி தின்றவர், நிறுத்துவார். செருப்பு வேண்டாம், பழைய ஷூ இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் உப்பு வாங்கிவாருங்கள். சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று நினைத்து வராதீர்கள்.

உருளைக்கிழங்கை எடை போட்டேன். நாற்பத்து மூன்று கிலோ, அத்தை. அத்தனையும் உங்கள் மேல் வந்த கோபம். நீங்களும் வந்து உட்கார்ந்து தின்றுதான் தீர்க்க வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளை